இரண்டு ஜீப்பில் ஒரு ஜீப்: வில்லிஸ் எம்பி வேலை இதுவரை

நேற்று சாயங்காலம் ஜீப் தன் சொந்த இன்ஜினில் ஷெட்டை விட்டு வெளியே வந்தது. பதினான்கு மாதமாக அதை ஓர் அடி நகர்த்தவும் இரண்டு பேர் தள்ள வேண்டியிருந்தது. நடந்ததெல்லாம் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். இதே வண்டியைக் கையில் எடுப்பவர்களுக்குச் சில இடங்களிலாவது உதவும்.

வாங்கும்போது இது வில்லிஸ் எம்பி, அதாவது இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் கம்பெனி செய்த ஜீப் என்றுதான் சொன்னார்கள். சேசிஸைப் பார்த்தால் சரிதான். ரேடியேட்டருக்குக் கீழே இரண்டு பக்கச் சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாயாக இருக்கும். அதே ஜீப்பை ஃபோர்டு கம்பெனியும் ஜிபிடபிள்யூ என்ற பெயரில் செய்தது; அதில் 'ப' எழுத்தைப் போல வளைத்த தகடாக இருக்கும். என்னுடையது குழாய். ஆனால் பாடியைக் கழற்ற ஆரம்பித்ததும் போல்ட் தலைகளில் 'எஃப்' எழுத்து வர ஆரம்பித்தது. ஃபோர்டு தன் ஆலையில் செய்த சின்னச் சின்ன பாகத்தில்கூட அந்த எழுத்தைப் பொறித்தது. ஆக, சேசிஸ் வில்லிஸ், பாடியில் பாதிக்கு மேல் ஃபோர்டு.

முதலில் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. எஃப் போல்ட்களை எல்லாம் மாற்றிவிட்டு 'சுத்தமான' வில்லிஸ் ஆக்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். 1941 முதல் 1945 வரை இரண்டு கம்பெனியும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் ஜீப் செய்தன. எந்தப் பாகமும் எதிலும் பொருந்த வேண்டும் என்பதுதான் ராணுவத்தின் தேவை. அடிபட்ட வண்டியில் கிடைத்த பாகத்தைப் போட்டு மறுநாளே ஓட்டியிருப்பார்கள். இந்தக் கலப்பும் வண்டி கடந்து வந்த வாழ்க்கைதான். அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் எந்த இடத்து போல்ட் என்று எழுதி, தனித்தனி டப்பாவில் போட்டு வைத்து, அதே இடத்தில் திரும்ப மாட்டினேன்.

சக்கரம் கழற்றும்போது ஒரு தவறு செய்தேன். வலது பக்கம் சுலபமாக வந்தது. இடது பக்கம் நட் அசையவே இல்லை. துரு என்று நினைத்து நீளமான குழாயை ஸ்பேனரில் செருகி அழுத்தினேன். சக்கர நட் ஏறும் ஸ்டட் போல்ட் இரண்டு முறிந்தன. பிறகுதான் தெரிந்தது, இந்த வண்டியில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடம்புரி மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். நான் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். ஸ்பேனர் வைப்பதற்கு முன்னால் மரை எந்தப் பக்கம் ஏறுகிறது என்று ஒரு தடவை உற்றுப் பாருங்கள்.

டிங்கர் வேலைதான் நாட்களை விழுங்கியது. தரைத் தகட்டுக்கு அடியில் பாடியைத் தாங்கும் தொப்பி வடிவ வரிச்சட்டங்களுக்குள் மரக்கட்டை வைத்திருக்கிறார்கள். மரம் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்கிறது. தகடு உள்ளேயிருந்து அரிக்கிறது. மேலே தட்டிப் பார்த்தபோது உறுதியாகத்தான் இருந்தது, வெட்டிப் பார்த்தால் கட்டை தூளாகக் கொட்டியது. டிரைவர் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க் உட்காரும் குழியும் அப்படித்தான், விரலால் குத்தினாலே ஓட்டை விழுந்தது. புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, மரக்கட்டைக்கு எண்ணெய் ஊற வைத்துப் போட்டிருக்கிறேன். தண்ணீர் வடிய ஓட்டையும் விட்டிருக்கிறேன்.

இன்ஜின் நான் பயந்த அளவுக்கு இல்லை. 2.2 லிட்டர், நாலு சிலிண்டர், 60 குதிரைத்திறன். வால்வெல்லாம் பக்கவாட்டில் பிளாக்கிலேயே இருப்பதால் ஹெட்டைக் கழற்றினால் எல்லாம் கண்ணுக்கு முன்னால். சிக்கியிருந்த பிஸ்டன்கள் பத்து நாள் எண்ணெயில் ஊறிய பின் அசைந்தன. சிலிண்டர்களைக் கடைந்து புது பிஸ்டன், ரிங் போட்டாயிற்று.

இன்ஜின் உடனே ஸ்டார்ட் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் அரைத் தூக்கத்தில் சுற்றுவது போலச் சுற்றியது. பேட்டரி புதுசு, மோட்டாரைக் கழற்றித் தனியாகச் சோதித்தால் நன்றாக ஓடியது. மூன்று வாரம் இதிலேயே போனது. கடைசியில் செல்ஃப் சுற்றும்போதே மீட்டரை வைத்து, இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவில் அளந்தேன். கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டக்கூடாத இடத்தில் 1.4 வோல்ட் காட்டியது. காரணம், நான் ஆசையாக அடித்த பெயின்ட். இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் சேசிஸுக்கும் எர்த் இணைப்பு ஒரு பட்டை வழியாகத்தான். அந்தப் பட்டை தொடும் இடத்தில் இரண்டு கோட் பெயின்ட்.

இது 6 வோல்ட் வண்டி. அதே வேலையைச் செய்ய 12 வோல்ட் வண்டியைப் போல இரண்டு மடங்கு கரன்ட் வேண்டும். கரன்ட் கூடினால் வழியில் இழப்பும் கூடும்; இருப்பதோ பாதி வோல்ட். கணக்குப் போட்டால் ஒரே அளவு தடை இங்கே நாலு மடங்கு கடிக்கிறது. எர்த் புள்ளிகள் எல்லாவற்றையும் பளபளவென்று உலோகம் தெரியும்வரை சுரண்டினேன். யாரோ மாட்டியிருந்த மெல்லிய பேட்டரி கேபிளை எடுத்துவிட்டுக் கனமானதைப் போட்டேன். இழப்பு 0.1 வோல்ட்டுக்கு இறங்கியது. அடுத்த முறை ஸ்டார்ட்டரை மிதித்ததும் இரண்டே சுற்றில் இன்ஜின் பற்றிக்கொண்டது. 6 வோல்ட் உதவாது, 12-க்கு மாற்று என்று சொல்பவர்கள் முதலில் எர்த்தைப் பார்க்கட்டும்.

நேற்று ஓட்டியதில் பெரிய குறை இல்லை. முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தி உரசாமல் விழவைக்கும் அமைப்பு) கிடையாது, வண்டி நின்ற பிறகு போடுவதே நல்லது. ஈர மண்ணில் மட்டும் முன் ஆக்சிலை இணைத்துப் பார்த்தேன். முன், பின் ஆக்சில்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாததால் கெட்டியான காய்ந்த சாலையில் நாலு சக்கர ஓட்டம் கூடாது. திரும்பும்போது முன்னும் பின்னும் வெவ்வேறு தூரம் ஓடி, கியர்களுக்குள் முறுக்கு ஏறிவிடும். லோ ரேஞ்சில் போட்டதும் வண்டி கிட்டத்தட்ட பாதி வேகத்துக்கு இறங்கி, மேட்டில் பொறுமையாக ஏறியது. ஆக்சிலரேட்டரைத் தொடக்கூட இல்லை. அந்த ஒரு நிமிடத்துக்கே பதினான்கு மாதம் தகும்.

ஸ்டீயரிங்கில் ஆட்டம் அதிகம். ஸ்டீயரிங் அசைவை முன் சக்கரங்களுக்குக் கடத்தும் நெம்புகோலான பெல் கிராங்க்கின் ஷாஃப்ட்டில் பேரிங் பதிந்த தடம் தெரிகிறது, மாற்ற வேண்டும். பிரேக் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஓரிடத்தில் ஒழுகினாலும் எல்லாமே போய்விடும். அதனால் பழைய குழாய் ஒன்றைக்கூட விட்டு வைக்கவில்லை.

மீதி இருப்பது பானெட். நைஸான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு பெயின்ட் அடுக்காகத் தேய்த்து வருகிறேன். மூன்றாவது அடுக்குக்குக் கீழே பழைய ராணுவப் பதிவு எண் தெரிய ஆரம்பித்திருக்கிறது. ஜீப்புகளுக்கு 20 என்றுதான் தொடங்கும். அந்த 2-ம் 0-ம், பக்கத்தில் ஒரு 3-ம் தெளிவாக இருக்கின்றன. அதற்கப்புறம் ஒரு வளைவு மட்டும், 6 அல்லது 8. ஒரு நாளைக்கு உள்ளங்கை அளவுக்கு மேல் தேய்ப்பதில்லை.