மார்க்கர் நாள்கள்

மார்ச் 3
டீச்சருக்கு முட்டி ஆபரேஷன் 19ஆம் தேதி. அதற்குள் அவர் பரதநாட்டியம் ஆடுவதை மோஷன் கேப்சரில், அதாவது உடலசைவைக் கணினியில் பதியும் முறையில், எடுத்துவிட வேண்டும்.

மார்ச் 6
காலையில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் டீச்சரை ஏற்றிக்கொண்டேன். "பசியாறினியா?" என்று கேட்டதோடு சரி, வழியெல்லாம் பேசவில்லை. மார்க்கர்கள், அதாவது கேமராவுக்கு ஒளியைத் திருப்பியடிக்கும் சின்ன உருண்டைகள், ஒட்டிய இறுக்கமான கறுப்பு உடையை முகம் சுளிக்காமல் போட்டுக்கொண்டார். சிக்கல் சலங்கையில்தான். பித்தளை மணி ஒவ்வொன்றும் அகச்சிவப்பு ஒளியைத் திருப்பியடிக்க, இல்லாத மார்க்கரெல்லாம் திரையில் முளைத்தன. "சலங்கை இல்லாம எப்படிம்மா ஆடுறது?" என்றவர், கழற்றி வைத்துவிட்டு, பாதத்தால் தரையைத் தட்டும் தட்டடவை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், ஆடினார்.

மார்ச் 7
இரவு முழுக்க அந்த மோதிர விரல்.

மார்ச் 9
ஒரு மார்க்கரை இரண்டு கேமராவாவது பார்த்தால்தான் அது இருக்கும் இடத்தைக் கணக்கிட முடியும். கடகாமுக முத்திரையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்ததும் மார்க்கர்கள் மறைந்துவிடுகின்றன. பிரியும்போது திரையில் ஆள்காட்டி விரல் நடுவிரலாகி, கையே முறுக்கிக்கொள்கிறது. டீச்சரின் மோதிர விரல் கொஞ்சம் உள்ளே வாங்கியிருக்கும். விட்டுப்போன இடத்தை மென்பொருளே நிரப்பட்டும் என்று விட்டால் நேர்த்தியாக நீட்டிவிடுகிறது. அது யாருடைய விரலோ! 1915இல் அனிமேஷன்காரர் மேக்ஸ் ஃபிளெய்ஷர் படச்சுருளைக் கட்டம் கட்டமாகப் பார்த்து மேலே வரைந்தார். நானும் வீடியோவை வைத்துக்கொண்டு விரல்களைக் கையாலேயே போடப்போகிறேன்.

மார்ச் 10
விரல். விரல். சாப்பாடு ஆறிப்போனது.

மார்ச் 12
தம்பி பதிவான அசைவுகளை ஸ்மூத் பண்ணி அனுப்பியிருந்தான். பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. தரையில் அறையும் பாதம் பஞ்சில் மிதிப்பதுபோல் இறங்குகிறது. நொடிக்கு 120 பிரேம் எடுத்ததே அந்த அடிக்காகத்தானே! ஸ்மூத் பண்ணும் ஃபில்டருக்கு அதுவும் துடைக்கவேண்டிய பிசிறுதான். முட்டியை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியில் வலது முட்டியில் ஒரு நடுக்கம் இருந்தது, அதையும் துடைத்துவிட்டது. மார்க்கர் ஆடியதோ என்று தொடை, கெண்டைக்கால் மார்க்கர்களையும் பார்த்தேன். இல்லை, கால்தான் நடுங்கியிருக்கிறது. வலியோடு ஆடியிருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்மூத் பண்ணாத பழைய ஃபைலையே எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 14
திரையில் பாதம் தரையில் வழுக்குவதைச் சரிசெய்தேன். அப்புறம் விரல்.

மார்ச் 17
டீச்சரிடம் காட்டினேன். நடுக்கத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க வாயெடுத்தேன். முட்டியை அவர் பார்க்கவே இல்லை. "இடது தோள் இறங்குது பாரு. எத்தனை பிள்ளைங்களை இதுக்குத் திட்டியிருப்பேன்! மறுபடியும் எடுக்கணும்."

மார்ச் 18
ஸ்டூடியோவில் ஜூன் வரை இடமில்லையாம். ஜூனில் அந்த முட்டி அரைமண்டிக்கு மடங்குமா? நாளை டாக்டரிடம் கேட்கணும்.