அம்மா மோட், அப்பா மோட்

எங்கள் பகுதியில் மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகக் காலையில் போகும் கரண்ட் மாலையில்தான் வரும். அன்றைக்கு அம்மாவுக்கு ஒரே கவலை, ஃபிரிட்ஜில் இருக்கும் இன்சுலின். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். குளிர் இருக்கிறதா என்று பார்க்கக் கதவைத் திறப்பார். திறந்ததால் குளிர் போயிருக்குமோ என்று சந்தேகம் வரும். அதைப் பார்க்க மறுபடியும் திறப்பார்.

இதற்கு ஒரு முடிவு கட்டலாம் என்று டிஎம்பி102 என்ற வெப்பநிலை சென்சார் ஒன்று வாங்கினேன். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரிக்கும் சிப். 1.6 மில்லிமீட்டர் நீளம், 1.6 மில்லிமீட்டர் அகலம். தும்மினால் காணாமல் போய்விடும். ஆனால் 0.0625 டிகிரி வரை பிரித்துச் சொல்லும். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பிளக்குல சொருகுற சமாச்சாரம் வேண்டாம். கரண்ட் போனா அதுவும்தானே போயிடும்?"

நியாயம்தான். ஆகவே இரண்டு பென்சில் பேட்டரி. அதையும் வாரத்துக்கு வாரம் மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

இந்த சிப்புக்கு மின்சாரம் கொடுத்ததும், சொல்வார் இல்லாவிட்டால், விநாடிக்கு நான்கு முறை வெப்பம் பார்க்கும். ஃபிரிட்ஜில் கால் விநாடிக்குள் அப்படி என்ன நடந்துவிடப் போகிறது? ஷட்டவுன் பிட் என்ற உள் சுவிட்சைப் போட்டுத் தூங்கவைத்தால் மின்சாரச் செலவு ஒரு மைக்ரோஆம்பியருக்குள் அடங்கிவிடும் என்று டேட்டாஷீட், அதாவது சிப்பின் விவரக் குறிப்பு, ஆசை காட்டுகிறது. ஆனால் ஷட்டவுனில் அது வெப்பமே பார்க்காது, ஆகவே எச்சரிக்கையும் கிடையாது. அதனால் நடுவழி: நான்கு விநாடிக்கு ஒருமுறை பார்க்கும் வேகம். சென்சார் விழித்திருக்கும், அதை இயக்கும் குட்டிக் கணினியான மைக்ரோகன்ட்ரோலர் தூங்கும். ஏதாவது என்றால் சென்சாரின் அலெர்ட் பின், அதாவது எச்சரிக்கைக் கால், தட்டி எழுப்பும். சுறுசுறுப்பாக ஓடும்போதே சென்சார் சராசரியாகக் குடிப்பது அதிகபட்சம் 10 மைக்ரோஆம்பியர்தான்.

இவ்வளவு கஞ்சத்தனத்துக்கு நடுவில், மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் ஒரு சிவப்பு எல்.இ.டி. இருபத்து நான்கு மணி நேரமும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. ஒரு மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும் சென்சாரைப் போல நூறு மடங்கு. சால்டரிங் அயர்னால் அதைப் பிடுங்கினேன். அப்பாவுக்கு மனசே கேட்கவில்லை. "நல்லா எரியுற லைட்டை ஏண்டா பிடுங்குற?"

அடுத்தது எச்சரிக்கை வரம்புகள். ஃபேக்டரியிலிருந்து வரும்போது மேல் வரம்பு 80 டிகிரி, கீழ் வரம்பு 75. அப்படியே விட்டிருந்தால் ஃபிரிட்ஜுக்குள் ரசம் கொதிக்கும் நேரத்தில் நமக்குத் தகவல் வரும். மேலே 8, கீழே 6 என்று மாற்றினேன். பேட்டரியைக் கழற்றினால் சிப் இதையெல்லாம் மறந்துவிடும். ஒவ்வொரு முறை உயிர் பெறும்போதும் மைக்ரோகன்ட்ரோலர் பாடத்தை முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இந்தக் கீழ் வரம்பு 6-க்குக் கீழே போனால் எச்சரிப்பதற்கு அல்ல. எப்போது வாயை மூட வேண்டும் என்பதற்கு. இங்கேதான் இரண்டு மோட் வருகிறது.

கம்பரேட்டர் மோட் அச்சு அசலாக எங்கள் அம்மா. 8-ஐத் தொட்டதும் ஆரம்பிக்கும். அப்புறம் 7.9-க்கு இறங்கிவிட்டேன், 7-க்கு வந்துவிட்டேன் என்றெல்லாம் கெஞ்சினாலும் நிறுத்தாது. 6-க்குக் கீழே போய் முழுசாகத் திருந்தினால்தான் ஓயும். இன்டரப்ட் மோட் அப்பா. ஒருமுறை குரல் கொடுப்பார். நாம் திரும்பி முகத்தைப் பார்த்தால் போதும், அதாவது சிப் தகவல் வைத்திருக்கும் குட்டி அறைகளான ரிஜிஸ்டர்களில் ஏதாவது ஒன்றைப் படித்தால் போதும், அமைதியாகிவிடுவார். பிறகு 6-க்குக் கீழே இறங்கியதும் "சரியாயிடுச்சா?" என்று இன்னொரு தடவை கேட்பார். அவ்வளவுதான்.

வீட்டில் கருத்துக் கேட்டேன். கேட்டது சமையலறையில் என்பதால் அம்மா மோட் வென்றது.

அடுத்த பராமரிப்பு நாளில், அப்பா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம் பார்த்து பஸ்ஸர் கூவியது. அம்மா ஐஸ் பாக்கெட்டைத் துணியில் சுற்றி மருந்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒட்டி வைக்கவில்லை, இன்சுலின் உறைந்துபோனால் பயன்படாது. சாயந்திரம் கரண்ட் வந்தது. கூவல் நிற்கவில்லை. "அதான் கரண்ட் வந்துடுச்சே, இன்னும் என்ன?" என்று அப்பா சென்சாரிடமே கேட்டார். 6 ஆகும்வரை அது யாருக்கும் பதில் சொல்லவில்லை. அன்று இரவு புரோகிராமில் சின்னத் திருத்தம் செய்து, தொடர் கூவலை நிமிடத்துக்கு ஒரு கூவலாக்கினேன். பேட்டரிக்கும் நல்லது, அப்பாவுக்கும் நல்லது.

கரண்ட் இருக்கும் நாள்களிலும் சத்தம் வந்தது. காரணம் அக்கா மகன். ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு என்ன சாப்பிடலாம் என்று யோசிப்பது அவனுக்குத் தியானம் மாதிரி. சென்சாரோ நடுத்தட்டில் வெறும் காற்றில் இருந்தது. மருந்து டப்பாவுக்குள் ஒயர் போகக் கூடாது என்று அம்மா தடை போட்டிருந்தார். ஃபால்ட் க்யூ என்று ஒரு வசதி உண்டு. ஒன்று, இரண்டு, நான்கு அல்லது ஆறு முறை தொடர்ந்து வரம்பைத் தாண்டினால் மட்டும் எச்சரிக்கும்படி வைக்கலாம். ஆறு என்று வைத்தேன். நான்கு விநாடிக்கு ஒருமுறை என்றால் ஏறக்குறைய 24 விநாடி அவகாசம். பையன் டேட்டாஷீட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் இதைக் கண்டுபிடித்துவிட்டான். திறந்த ஃபிரிட்ஜ் முன்னால் நின்று சத்தமாக இருபது வரை எண்ணிவிட்டுப் படாரென்று சாத்துவான்.

எண்ணும் சத்தத்துக்கு பஸ்ஸரே தேவலை என்றாகிவிட்டது. கடைசியில் அம்மாதான் சொன்னார். "மருந்து டப்பாக்குள்ள இருக்கு, நீ வெளியில காத்தை அளந்துட்டிருக்க. டப்பாவுக்குள்ள வையேண்டா." தடை போட்டது யார் என்று நான் கேட்கவில்லை. மூடிய டப்பாவுக்குள் வெப்பம் மெதுவாகத்தான் ஏறும். கதவு திறந்து மூடுவதெல்லாம் அதுவரை எட்டுவதே இல்லை.

இப்போது பையன் எண்ணுவதை விட்டுவிட்டான். கதவைத் திறந்துவைத்து, ஒவ்வொரு தட்டாக, நிதானமாகப் பார்க்கிறான். சென்சார் வாயே திறப்பதில்லை. சமையலறையிலிருந்து அம்மாதான் ஆரம்பிக்கிறார். அவன் கதவைச் சாத்திய பிறகும் கொஞ்ச நேரம் ஓடுகிறது.