குளிர்காலத்து டிரவுட்டுக்கு என்ன ஃப்ளை கட்டுவது

டிசம்பர் 6

காலை ஒன்பது மணிக்குத் தண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன், 4 டிகிரி. ஃப்ளையை (கொக்கியில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டும் போலி இரை) மூன்று மணி நேரம் வீசியும் ஒரு கடி இல்லை. ஆனால் மீன் இல்லாமல் இல்லை. மடுவின் அடியில் நாலைந்து டிரவுட் வரிசையாக நிற்பதைக் கண்ணால் பார்த்தேன், செவுள் அசைவது மட்டும்தான் தெரிந்தது. என் ஸ்ட்ரீமர் (குட்டி மீன் மாதிரி கட்டிய ஃப்ளை) அவற்றின் மூக்குக்கு ஒரு முழம் தள்ளிப் போனபோதுகூட ஒன்றும் திரும்பவில்லை.

டிரவுட்டின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். தண்ணீர் இவ்வளவு குளிர்ந்தால் செரிமானமும் மெதுவாகிவிடும், பசியும் குறைந்துவிடும். துரத்திப் போய்த் தின்றால் செலவாகும் தெம்பு இரையில் திரும்பக் கிடைக்காது. அதனால் வாய்க்கு நேரே மிதந்து வருவதைத்தான் திறந்து வாங்கும். இது தெரிந்தும் இலையுதிர் காலத்துப் பெட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

டிசம்பர் 7

வெளியே போகவில்லை. பெட்டியைக் கொட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன், இந்த மாதத்தில் ஆற்றுக்குள் நிஜமாகவே இந்தப் பூச்சி இருக்கிறதா? வெட்டுக்கிளி போயிற்று. பெரிய கேடிஸ் (ஒரு ஆற்றுப் பூச்சி) போயிற்று. தண்ணீர்மேல் மிதக்கும் கோடைக்கான உலர் ஃப்ளைகள் எல்லாமே போயின.

மிஞ்சியதில் முதலிடம் மிட்ஜுக்கு. கொசு மாதிரி இருக்கும், கடிக்காது, வருஷம் முழுக்கப் பொரிக்கும், பனி பெய்யும் நாளிலும் பொரிக்கும். கொக்கி 18 முதல் 22 வரை (பழக்கமில்லாதவர்களுக்கு: எண் ஏற ஏற கொக்கி சிறுத்துக்கொண்டே போகும்). கறுப்பு நூல் உடம்பு, மேலே வெள்ளிக் கம்பிச் சுற்று, தலையில் ஒரு மணி, அவ்வளவுதான் ஜீப்ரா மிட்ஜ். சிவப்பிலும் ஆறு கட்டினேன். சேற்றில் வாழும் சில மிட்ஜ் புழுக்களின் ரத்தத்தில் நம்முடையதைப் போலவே ஹீமோகுளோபின் உண்டு, அதனால்தான் அவை சிவப்பு.

ஃபெசன்ட் பறவையின் வாலிறகில் கட்டும் ஃபெசன்ட் டெயில் நிம்ஃபைச் (நிம்ஃப் என்பது தண்ணீருக்குள் வாழும் இளம்பூச்சி) சின்னதாக, 18-ல் கட்டினேன். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றில் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் இதை நூலே இல்லாமல் மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றினார். கட்டும் கம்பியே எடையாகவும் இருந்து ஃப்ளையைக் கீழே இறக்கியது. எத்தனை தடவை கட்டினாலும் அந்த யோசனை எனக்கு அலுப்பதில்லை.

பெரியது என்று ஒன்றே ஒன்று, ஸ்டோன்ஃப்ளை நிம்ஃப், 8 அல்லது 10. பெரிய வகைகள் இரண்டு மூன்று வருஷம் தண்ணீருக்குள்ளேயே வளர்வதால் குளிர்காலத்திலும் கல்லடியில் இருக்கும், டிரவுட்டுக்கும் அது பழகிய சாப்பாடு.

முட்டை ஃப்ளையும் இரண்டு வைத்துக்கொண்டேன். பழுப்பு டிரவுட் முட்டையிடும் பருவம் இது, ஒட்டாமல் போன முட்டைகள் ஓட்டத்தில் உருண்டு வரும். ஆனால் முட்டையிடும் இடத்தின் மேலேயே அதை வீச மாட்டேன். அடியில் பளிச்சென்று கழுவிவிட்டது மாதிரி சரளைத் திட்டு தெரிந்தால் அங்கே கால் வைக்காதீர்கள், தயவுசெய்து. அதற்குள் அடுத்த தலைமுறை இருக்கிறது.

டிசம்பர் 14

இன்றைக்குப் பதினொரு மணிக்குத்தான் இறங்கினேன், வெயில் ஏறிய பிறகு. 5 டிகிரி. மேலே டங்ஸ்டன் மணி வைத்த ஸ்டோன்ஃப்ளை, அதன் கொக்கியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி 20-ல் கறுப்பு மிட்ஜ், 6X டிப்பெட் (ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நுனி நரம்பு). குளிர்காலத்துத் தண்ணீர் குறைவாகவும் கண்ணாடி மாதிரியும் இருப்பதால் தடித்த நரம்பு எடுபடாது.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. ஃப்ளையை மாற்றக் கை பரபரத்தது, மாற்றவில்லை. தக்கையை ஓரடி மேலே தள்ளினேன், ஒரு சிறு ஈயக்குண்டு சேர்த்தேன். மூன்றாவது வீச்சில் தக்கை அமிழவில்லை, இழுபடவும் இல்லை, ஓட்டத்தோடு வந்தது சட்டென்று நின்றது, அவ்வளவுதான். தூக்கினேன், கனத்தது. முதலில் ஒரு பழுப்பு டிரவுட், அரை மணி கழித்து இன்னொன்று, இரண்டுமே மிட்ஜில். முன்பு ஓடிய அதே இரண்டு ஃப்ளைதான், ஓரடி ஆழமாகப் போயின. அடிக்கல்லை அவ்வப்போது தட்டாமல் வந்தால் ஃப்ளை மீனுக்கு மேலே போகிறது என்று அர்த்தம், பெட்டியைத் திறக்கும் முன் இதைச் சரிபார்க்க வேண்டும்.

டிசம்பர் 21

காற்று பூஜ்யத்துக்குக் கீழே. தூண்டில் வளையங்களில் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பனிக்கட்டி. ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டேன். இப்படிப்பட்ட நாளில் மீனை வெளியே தூக்கவே கூடாது, செவுள் உறைந்து கெட்டுப்போகும். வலையோடு தண்ணீருக்குள்ளேயே வைத்து, எதிர்முள் இல்லாத கொக்கியைக் கழற்றி அப்படியே விட வேண்டும். படம் எடுப்பதெல்லாம் வேறு நாளில்.

ஜனவரி 3

மேகமூட்டம், துளிக் காற்றில்லை. ஒரு மணி வாக்கில் மடுவின் வாலில், தண்ணீர் தளர்ந்து ஓடும் இடத்தில், சின்னச் சின்ன வளையங்கள். குனிந்து பார்த்தால் மிட்ஜ்கள் பத்து இருபதாகக் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு மிதக்கின்றன. ஒற்றை மிட்ஜுக்கு எழும்பாத டிரவுட் இந்தக் கொத்துக்கு மூக்கை மெல்ல நீட்டி உறிஞ்சுகிறது.

இதற்கென்றே இருப்பதுதான் கிரிஃபித்ஸ் நேட். மயிலிறகு இழையில் உடம்பு, அதன் மேல் நீளவாக்கில் சுற்றிய புள்ளிச் சேவல் இறகு. டிரவுட் வாழும் ஆறுகளைக் காக்கும் அமெரிக்காவின் டிரவுட் அன்லிமிடெட் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜார்ஜ் கிரிஃபித்தின் பெயர் அதற்கு. என்னிடம் 20-ல் இரண்டே இரண்டு இருந்தன. ஒன்றில் மூன்று மீன், மூன்றாவதோடு இறகு பிரிந்துவிட்டது. இன்னொன்றை எதிர்க்கரைக் கிளை பிடுங்கிக்கொண்டது. மீன்கள் அப்புறமும் அரை மணி நேரம் எழும்பிக்கொண்டே இருந்தன, நான் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், மனசு அவ்வளவு நிறைந்திருந்தது.

ராத்திரி சாப்பிட்டதும் கட்டும் மேசையில் உட்கார்ந்துவிட்டேன். 20-ல் ஆறு முடிந்தது. 22-ல் ஆறு கட்ட வேண்டும், சேவல் இறகில் அவ்வளவு குட்டையான இழை கிடைக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.