கிண்டல் பண்றதுக்கு முன்னாடி

ஆளுக்கொரு பாத்திரமா மாறி சேர்ந்து கதை ஆடுற ஆன்லைன் ரோல்பிளே கேம்ல சிரிப்பே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். பயந்தாங்கொள்ளி வீரன், சொதப்பல் மந்திரவாதி எல்லாம் இல்லன்னா கதை வறண்டு போயிடும். ஆனா வெறும் டைப்பிங்ல ஆடும்போது முகமும் தெரியாது, குரலும் கேக்காது. பாத்திரத்தைத்தான் கலாய்க்கிறோம்னு நினைப்போம். அது ஆடுறவரோட உடம்பையோ நிறத்தையோ வீட்டுல நடந்த ஒரு சாவையோ தொட்டுடும்.

அதனாலதான் ஜான் ஸ்டாவ்ரோபோலஸ்ங்கிற கேம் டிசைனர் கொண்டுவந்த எக்ஸ் கார்டு முறை எனக்கு அவ்வளவு பிடிக்கும். சாட்ல யாராவது 'எக்ஸ்' போட்டா, அந்த இடத்தை விட்டுட்டு கதையை நகர்த்திடணும். ஏன்னு விளக்கம் கேக்கக் கூடாது. எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். வலியைச் சொல்லி நிரூபிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கக் கூடாது. "ஜோக்குதானே"ன்னு வாதாடுறதும் வேண்டாம்.

எதைத் தொடவே கூடாதுன்னு ஆட்டத்துக்கு முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டா இன்னும் நல்லது. புதுசா சேர்றவங்ககிட்ட முதல்ல அதைக் கேளுங்க, ப்ளீஸ்.