"கீழே நல்லாருக்குல்ல தம்பி?"

ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டியதுமே, தட்டுவது வால்வைத் திறக்கும் தண்டான கேம் என்று தெரிந்துவிட்டது. பிஸ்டன் சுழற்றும் கீழ்த்தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அந்தப் பாதி வேகத் தட்டல் பழகிய காதுக்குத் தப்பாது. வால்வு இடைவெளியை, அதாவது டேப்பட்டை, சரிசெய்தும் அடங்கவில்லை. கழற்றிப் பார்த்தால் கேமின் மூக்கில் தோல் உரிந்த மாதிரி குழிகள். கேம் தள்ளும் ராக்கரின் முகமும் தேய்ந்திருந்தது. கேம் பேரிங்கைக் கையில் சுற்றினால் உள்ளே மணல் அரைபட்டது. பால் கேன் கட்டி ஓடும் ஸ்பிளெண்டர், ஆயில் குறைந்தே ரொம்ப நாள் ஓடியிருக்கிறது.

இதுவரை எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

கிளட்ச் பக்க மூடியைத் திறந்து ஆயில் ஃபில்டரைத் துடைத்தபோது சேற்றில் மினுமினுப்பு தெரிந்தது. காந்தத்தில் ஒட்டியது. கேமிலிருந்து உதிர்ந்த தூளா, கிராங்க் பேரிங்கிலிருந்து வந்ததா? காந்தம் இரண்டையும்தான் இழுக்கும். சிலிண்டர் பிளாக்கும் கழற்றி வெளியில்தான் இருந்தது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்தேன். ஆட்டம் இல்லை. பக்கவாட்டில் கொஞ்சம் இருந்தது, அது இருக்க வேண்டியதுதான்.

அப்போதுதான் வண்டிக்காரர் கிராங்க், ராடு பற்றிக் கேட்டார்: "கீழே நல்லாருக்குல்ல தம்பி?"

"நல்லாருக்குண்ணே."

ஒரே வார்த்தை. "இப்போதைக்கு" என்று சேர்த்திருக்கலாம். ராடு அப்போது ஆயிலில் ஊறியிருந்தது. சின்ன ஆட்டத்தை ஆயில் மறைத்துவிடும். பெட்ரோல் ஊற்றிக் கழுவிவிட்டு இழுத்துப் பார்ப்பதுதான் முறை. எனக்குத் தெரியாததா? ஆனால் கிராங்கைத் தொட்டால் இன்ஜினை இறக்கிப் பிளக்க வேண்டும், ராடைத் தாங்கும் கிராங்க் பின்னை அடித்து மாற்ற லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டும், செலவு இரண்டு மடங்கு. கேமுக்கே கடன் வாங்கி வந்திருந்தார். சந்தேகத்தை மட்டும் வைத்து அவ்வளவு செலவை எப்படிச் சொல்வது? சரி, இது நியாயம்தான் என்று பகலில் தோன்றும். கழுவிப் பார்க்க எத்தனை ரூபாய் ஆகியிருக்கும் என்று ராத்திரியில் தோன்றும்.

நாற்பது நாளில் வண்டி திரும்பி வந்தது. மேடு ஏறும்போது அடியில் கனமான தட்டல், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. ராடு பேரிங் போயிருந்தது. கேமின் சத்தம் அதற்கு மேலே போர்த்திக்கொண்டு இருந்ததா, அல்லது அந்தத் தூள் பிறகுதான் பேரிங்கைத் தின்றதா, இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

அவர் சத்தம் போடவில்லை. "அன்னிக்கே தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லண்ணே" என்றேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. லேத் கூலியை மட்டும் வாங்கிக்கொண்டேன். அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று தெரியாது.

இப்போதெல்லாம் ராடைக் கழுவி, வண்டிக்காரர் கையிலேயே கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்கிறேன். பாதிப் பேர் கையை எடுத்துவிடுகிறார்கள். "எனக்கு என்ன தெரியும், நீங்களே சொல்லுங்க."