காசிமேடு 4-ல் நின்ற விண்கலம்

விண்வெளியில் காசிமேடு என்று ஒரு பகுதி உண்டு. அங்கே போய் சண்டை போட்டுவிட்டு வந்தவன் நான். இதை வீட்டில் சொன்னால் என் மகள், "அப்பா, மீன் மார்க்கெட்டை மிக்ஸ் பண்ணிட்டீங்க" என்பாள். மனைவி அதுகூட சொல்ல மாட்டாள், டிவி சவுண்டைக் கூட்டிவிடுவாள்.

1993-ல் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், புடவைக் கடைகளுக்கு மேல் மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. பாதி மிஷின்களைத் தூக்கிவிட்டு அங்கே கம்ப்யூட்டர் வைத்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகணும். ஏசி இருந்ததால் சும்மா உட்காரவே நாங்கள் சீக்கிரம் போய்விடுவோம். ஹார்ட் டிஸ்க் இல்லாத எக்ஸ்டி மிஷின், பச்சை எழுத்து மானிட்டர், 5¼ இன்ச் ஃப்ளாப்பி. வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் கற்றுத் தருவதாகத்தான் ஃபீஸ் வாங்கினார்கள். சார் சாப்பிடக் கிளம்பினதும் லேப் அண்ணன் வேற ஃப்ளாப்பியைப் போடுவார். அதில் ஒரு ஸ்பேஸ் கேம்.

அந்த கேமில் படமே கிடையாது. நட்சத்திரக் குறி, கூட்டல் குறி, எழுத்து, நம்பர், அவ்வளவுதான். நம்ம கப்பல் இரண்டு கோண அடைப்புக்கு நடுவில் ஒரு நட்சத்திரக் குறி. மூன்று எழுத்தில் கட்டளை அடிக்கணும். தூரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்பது கட்டம் போட்டு ஒவ்வொன்றிலும் மூன்று இலக்க எண் காட்டும். 207 என்றால் எதிரிக் கப்பல் இரண்டு, நம்ம தளம் ஏதுமில்லை, நட்சத்திரம் ஏழு. நடு இலக்கத்தில் 1 வந்தால் உயிர் வந்தமாதிரி. அங்கே போய் தளத்தை ஒட்டி நின்றால் எரிசக்தி மறுபடி 3000, டார்பிடோ மறுபடி 10. ஒவ்வொரு பகுதிக்குள் நுழையும்போதும் அதன் பேரைச் சொல்லும். அந்தப் பேர்தான் இங்கிலீஷ் எழுத்தில் காசிமேடு. கூடவே ரோமன் எண்ணில் ஒன்றிலிருந்து நான்கு வரை ஏதாவது ஒன்று.

கேமின் பேர் மட்டும் மறந்தே போயிற்று. ஃப்ளாப்பி லேபிளில் 'டிபேஸ் பேக்கப்' என்று எழுதியிருந்தார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

காசிமேடு, ஸ்பேஸ், கேம் என்று போட்டுத் தேடினால் வஞ்சிரம் விலையும், வடசென்னை பட டிரெய்லரும்தான் வந்தன. ஊர்ப் பேரை எடுத்துவிட்டுத் தேடினேன். எல்லோரும் முதலில் காட்டுவது 1984-ல் வந்த எலைட். அதில் கோட்டுச் சித்திரமாகக் கப்பல்கள் பறக்கும். நாங்கள் பறந்ததே இல்லை, எண்ணை அடித்துவிட்டுக் காத்திருந்தோம். 1974-ன் ஸ்டார் டிரேடர் எழுத்துமயமான ஆட்டம்தான், ஆனால் அதில் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் சரக்கு வியாபாரம். நான் இன்றைக்கும் ஹார்பர் பக்கம் சரக்கு கிளியரிங் வேலைதான் பார்க்கிறேன். அப்படி ஒரு ஆட்டம் ஆடியிருந்தால் மறந்திருக்க மாட்டேன்.

கடைசியில் அந்த மூன்று இலக்க எண்தான் வழி காட்டியது. ஸ்டார் டிரெக் என்ற விண்வெளி டிவி தொடரை வைத்து எழுதிய ஆட்டங்களின் வம்சம் அது. அமெரிக்காவில் மைக் மேஃபீல்ட் என்ற ஸ்கூல் பையன் 1971-ல் ஒரு பல்கலைக்கழகக் கணினியில் பேசிக் மொழியில் எழுத ஆரம்பித்தது. அடுத்த வருஷம் ஹெச்பி கம்பெனியின் கணினிக்கு மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறான். அதை டேவிட் ஆல் என்பவர் 1973-ல் தன் கேம் புத்தகத்தில் அச்சடித்தார். 1974-ல் பாப் லீடம் அதை வளர்த்து சூப்பர் ஸ்டார் டிரெக் ஆக்கினார். 1978-ல் வந்த டேவிட் ஆலின் புத்தகத்தில் இருப்பது அந்த வகைதான். அந்தக் காலத்தில் திரைக்குப் பதில் பேப்பரில் அடிக்கும் டெலிடைப் மிஷின்கள். அதனால்தான் ஒவ்வொரு நகர்வுக்கும் மேப்பை முதலிலிருந்து திரும்பப் போட்டுக் காட்டுகிறது! பேப்பரில் அடித்தது கையில் இருக்கும். எங்கள் திரையிலோ மேப் மேலே ஓடிப்போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு ரஃப் நோட்டில் எண்களை எழுதிக்கொள்வதுதான் வேலை. கம்ப்யூட்டர் கட்டளையில் 0 அடித்தால் பார்த்த இடமெல்லாம் அதுவே பட்டியல் போடும் என்பது அப்போது எவனுக்கும் தெரியாது.

இந்த வம்சத்திலும் ஏகப்பட்ட கிளை. யுனிக்ஸ் கணினிகளுக்கு எரிக் ஆல்மன் எழுதிய டிரெக்கில் திசையை டிகிரியில் கொடுக்கணும். 1988-ன் ஈஜிஏடிரெக் கலர் கலராக இருக்கும். எங்களுடையதில் திசை 1-லிருந்து ஆரம்பம்: 1 வலது, 3 மேலே, 5 இடது, 7 கீழே. கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்று. இது எனக்கு நன்றாக ஞாபகம், ஏனென்றால் கீபோர்டின் வலது ஓரத்தில் 8 இருப்பது மேலே. இந்த ஆட்டத்தில் 8 என்பது வலது கீழ் மூலை. இந்த ஒரு விஷயத்துக்காக ஃப்ரெண்டோடு சட்டைக்காலர் பிடிக்கிற அளவுக்கு சண்டை. அந்தத் திசை கணக்கு 1978 புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

புரோகிராம் முழுசும் இன்று நெட்டில் படிக்கக் கிடைக்கிறது. அதில் 9040-ஆம் வரியில் பேர்கள் ஆரம்பிக்கின்றன: அன்டாரெஸ், ரைஜெல், ப்ரோசியான், வேகா... ஒன்றைத் தவிர எல்லாம் நிஜ நட்சத்திரப் பேர்கள். மேப் எட்டுக்கு எட்டு, 64 கட்டம். பேர்கள் மொத்தம் 16. ஒவ்வொரு வரிசையிலும் இடப்பக்க நான்கு கட்டத்துக்கு ஒரு பேர், வலப்பக்க நான்குக்கு இன்னொரு பேர், பின்னால் ரோமன் எண். காசிமேடு அதில் இல்லை. ஆனால் பேர் எல்லாம் இப்படி மேற்கோள் குறிக்குள் சும்மா உட்கார்ந்திருந்தால், யார் வேண்டுமானாலும் மாற்றலாமே?

லேப் அண்ணன் இப்போது தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். போன் போட்டேன்.

"அண்ணே, அந்த ஸ்பேஸ் கேம்ல காசிமேடுன்னு ஒண்ணு வருமே, ஞாபகம் இருக்கா?"

"இன்னாடா இப்ப வந்து கேக்குற? நான்தான் போட்டேன். அவன் வெச்ச பேரு எதுவும் வாயில நுழையல. நீங்களும் எங்க இருக்கோம்னு தெரியாம கத்துவீங்க. அதான் நம்ம ஏரியாவா மாத்திட்டேன்."

புரோகிராம் அச்சடித்திருந்த அந்தப் புத்தகம் அல்லிக்குளம் பழைய புத்தகக் கடையில் வாங்கினதாம். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பிறகு கடைகள் போன இடம். நானூறு வரிக்கு மேல் இருக்கும் புரோகிராமை, கிளாஸ் முடிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்திருக்கிறார். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனாலும் சின்டாக்ஸ் எரர் என்று நின்றுவிடும்.

அதைவிட, மேப்பை அவர் யோசித்துப் போட்டிருக்கிறார். வடக்கு மேலே, கிழக்கு வலது. முதல் வரிசையில் இடது மணலி, வலது எண்ணூர். அதற்குக் கீழே மாதவரம், திருவொற்றியூர். கடைசி வரிசை பாரிமுனையும் ஹார்பரும். காசிமேடு வலப்பக்கம், அதில் 4 என்பது அந்த வரிசையின் கடைசி கட்டம். அங்கிருந்து திசை 1 கொடுத்தால் எல்லையைத் தாண்ட அனுமதி மறுக்கப்பட்டது, எஞ்சினை நிறுத்து என்று தலைமையகத்திலிருந்து செய்தி வரும். கடலுக்குள் விடமாட்டேன் என்கிறது! இப்போது ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலத்தில் போட்டுகள் கட்டிக்கிடப்பதைப் பார்த்தால் எனக்கு அந்தச் செய்திதான் மனசில் ஓடுகிறது.

பிசி-பேசிக் என்ற மென்பொருளில் பழைய ஜிடபிள்யூ-பேசிக் புரோகிராம்கள் ஓடும். அதில் போட்டு, 16 பேரையும் மாற்ற உட்கார்ந்தேன். மகள் வந்து பார்த்தாள். ஆடிக் காட்டு என்றாள். டார்பிடோ விட்டால் அது போகும் வழியை ஆயங்களாக வரிக்கு வரி அடித்துக்கொண்டே போகும். அவள் விட்டது போய் நம்ம தளத்திலேயே விழுந்தது. உன்மேல் கோர்ட் மார்ஷல் நடத்தலாமா என்று யோசிக்கிறோம் என்று செய்தி வந்ததும் ஒரு சிரிப்பு சிரித்தாள் பாருங்கள், காசிமேடு உண்மைதான் என்று ஒத்துக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டேன்.

பதினைந்து பேர் தேறிவிட்டன. ஆறாவது வரிசை இடதுதான் தகராறு. அண்ணன் பேசின் பிரிட்ஜ் என்கிறார். நான் புளியந்தோப்பு என்கிறேன். அங்கே எதிரிகள் மூன்று பேர் நின்றதும், கேடயத்துக்கு எரிசக்தி ஏற்ற மறந்து ஃப்ரெண்ட் செத்ததும் எனக்குக் கண்ணிலேயே இருக்கிறது. அந்த ஃப்ரெண்டைக் கேட்டால் அவன் கொருக்குப்பேட்டை என்கிறான், அது மேப்பில் அந்தப் பக்கமே வராது. 93-94-ல் அந்த மாடிக்கு வந்து 'டிபேஸ்' படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். அதுவரை புளியந்தோப்பு என்றே போட்டு வைத்திருக்கிறேன், அண்ணனிடம் சொல்லவில்லை.