ஐயாற்றில் ஒரு திதி

நாங்கள் போனது திருவையாற்றுச் சிவன் ஐயாறப்பரைப் பார்க்கத்தான். அத்தைக்கு ரொம்ப நாளாக ஒரு கணக்கு பாக்கி இருந்தது. கயிலாயம் போக இனிமேல் முழங்கால் இடம் கொடுக்காது. உடம்பு தேயத் தேய நடந்த அப்பருக்கே கயிலைக் காட்சி திருவையாற்றில்தானே கிடைத்தது, அங்கே ஒருமுறை போய் வந்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்பாள்.

பஞ்சாங்கம் பார்க்காமல் நாள் குறித்தது என் தப்பு. போனில் "வாங்க சார், ரூம் இருக்கு" என்று சொன்ன விடுதிக்காரர், நேரில் போய் நின்றதும் கையை விரித்தார். "ஆராதனை சமயத்துல வந்து ரூம் கேக்கறீங்களே" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அப்போதுதான் உறைத்தது, மறுநாள் புஷ்ய பகுள பஞ்சமி. தெலுங்குக் கீர்த்தனைகள் பாடிய தியாகராஜர் சமாதியான திதி. தஞ்சாவூருக்கே திரும்பி ஓர் அறையைப் பிடித்து, விடிவதற்குள் பஸ் ஏறினோம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆற்றையும் தாண்டித்தான் ஊருக்குள் போக வேண்டும். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து பாலங்களை எண்ணிக்கொண்டே வந்தாள். நின்றுகொண்டிருந்த கூட்டம் மறைத்ததில் ஒரு பாலம் விட்டுப்போய்விட்டது. இறங்கும்போது, "நாலுதான் வந்துது" என்று கண்டக்டரிடம் புகார் வேறு.

கோயிலில் கூட்டம் இல்லை. தெற்குக் கோபுரத்தில் ஆட்கொண்டார் சந்நிதி, அதன் எதிரே குங்கிலியக் குண்டம். அந்தப் புகை சேலையில் ஏறினால் நாள் முழுக்கப் போகாது. ஐயாறப்பர், அறம்வளர்த்த நாயகி, ராஜராஜனின் தேவி எடுப்பித்த வட கயிலாயம் எல்லாம் நிதானமாகப் பார்த்தோம். அத்தை அங்கே ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்து அப்பரின் மாதர்ப் பிறைக் கண்ணியானைப் பதிகத்தை முணுமுணுத்து முடித்தாள். வந்த காரியம் ஆயிற்று. அடுத்த பஸ்ஸில் திரும்பியிருக்கலாம்.

"பாட்டுக் கச்சேரிக்கெல்லாம் நான் வரலப்பா. தெலுங்கு நமக்கு எங்க புரியுது?" என்றாள். நான்தான் பத்து நிமிஷம் என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனேன்.

காவிரிக் கரையில் பெரிய பந்தல். செருப்பை எங்கே விட்டோம் என்று அடையாளம் வைத்துக்கொள்வதற்குள் கூட்டம் எங்களை உள்ளே தள்ளிவிட்டது. கிடைத்த இடத்தில் உட்கார்ந்தோம். சமாதிக்கு முன்னால் பாடகர்கள் வரிசை வரிசையாக, எதிரும் புதிருமாக. மேடையும் இல்லை, நாற்காலியும் இல்லை. பெயர் பெற்ற வித்வானுக்கும் பாட்டு வகுப்பிலிருந்து வந்த பாவாடை சட்டைச் சிறுமிக்கும் ஒரே தரைதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர். மடியில் பழைய கோடு போட்ட நோட்டு. தெலுங்குச் சாகித்தியத்தைத் தமிழில் எழுதி, க, ச, ட, த, ப எழுத்துகளின் தலைக்கு மேல் பொடிப்பொடியாக எண்கள் போட்டிருந்தார். எந்த 'க', எந்த 'த' என்று தெரிய வேண்டுமே, அதற்கு. நீல மசி, சில இடங்களில் சிவப்பு. ஓரங்கள் மாவாக உதிர்ந்துகொண்டிருந்தன.

அத்தை அவரிடம் கேட்டாள், "ஐயா, இறந்த நாளை ஏன் ஆராதனைன்னு சொல்றாங்க? திதின்னுதானே சொல்லணும்?"

"அம்மா, அவர் கடைசியில சந்நியாசம் வாங்கிட்டார். சந்நியாசிக்குச் சிராத்தம் கிடையாது, ஆராதனைதான். அதனாலதான் எரிக்காம இங்க சமாதி வெச்சாங்க."

"பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு. அந்தப் பொண்ணுக்கு ஒரு பையன். அதோட வம்சம் நின்னுபோச்சு."

அத்தை மறுபடி ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த வரிசைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தைக்கும் பிள்ளை கிடையாது.

முதலில் நாகஸ்வரம். அப்புறம் புல்லாங்குழல்கள் சேர்ந்து பைரவியில் ஒரு கீர்த்தனை. பிறகு பஞ்சரத்தினம், ஐந்து ராகத்தில் தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகள். முதலில் நாட்டை ராகம் தொடங்கியது. நான் கச்சேரி நிறையக் கேட்டவன்தான். ஆனால் நூற்றுக்கணக்கான குரல்கள் ஒரே தாளத்தில் சேர்ந்து எழும்போது காதால் கேட்பது போலவே இல்லை, தரை வழியாக ஏறுகிறது. சுத்தமான இசை என்று சொல்ல மாட்டேன். பின் வரிசை அரை அட்சரம் தள்ளி வந்தது, ஒலிபெருக்கி ஒன்று கரகரத்தது, மிருதங்கங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. சபாவில் இப்படிப் பாடினால் எழுந்து வந்திருப்பேன். அங்கே அது ஒரு குறையாகவே படவில்லை. திதி கொடுக்கிற வீட்டில் மந்திர உச்சரிப்புக்கா மதிப்பெண் போடுகிறோம்?

கௌளை வந்தபோது பெரியவர் நோட்டை அத்தை பக்கம் நகர்த்தி, பாடும் வரியில் விரலை வைத்துக்கொண்டே வந்தார். தியாகராஜர் தான் செய்த தப்பையெல்லாம் தானே பட்டியல் போட்டு, என்னை எந்த ராஜகுமாரன் காப்பாற்றுவான் என்று கேட்கிற பாட்டு என்றார். "இவ்வளவு பெரியவரா?" என்றாள் அத்தை. "பெரியவரா இருந்ததாலதான்" என்றார் அவர். எனக்கென்னவோ அப்பரின் தேவாரத்தையும் இதையும் அவள் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள் என்று பட்டது. அப்பரும் தன் பழைய குற்றங்களைச் சொல்லிச் சொல்லியே பாடியவர்தானே.

ஆரபி முடிந்து வராளி. பெரியவர் நோட்டில் பாட்டு மட்டும் இருந்தது, ஸ்வரம் இல்லை. வராளியைக் குரு நேரடியாகச் சொல்லிக் கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யனுக்கும் ஆகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டாராம். அந்த ஒரு பாட்டில் மட்டும் நோட்டை மூடிவிட்டுக் கண்ணையும் மூடிக்கொண்டார்.

ஸ்ரீராகம்தான் கடைசி. எந்தரோ மகானுபாவுலு. எத்தனையோ மகான்கள், அத்தனை பேருக்கும் வணக்கம். தனக்கு வணக்கம் சொல்ல வந்த கூட்டத்தின் வாயாலேயே மற்றவர்களை வணங்கவைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனுஷர். தீபாராதனை காட்டினார்கள். இந்தப் பக்கத்திலிருந்து தட்டு தெரியவில்லை, முன்னால் இருந்தவர்களின் கைகள் உயர்வதுதான் தெரிந்தது. பத்து நிமிஷம் என்று வந்த அத்தை அதுவரை அசையவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு சமாதி அருகே போனோம். அதற்கு நேர் எதிரே, கை கூப்பியபடி ஒரு பெண்மணியின் சிலை. பெங்களூர் நாகரத்தினம்மாள். சமாதி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று தெரிந்து, 1920-களில் தன் சொத்தைச் செலவழித்து இந்தக் கோயிலை எழுப்பியவர். ஆனால் அப்போது ஆராதனையை நடத்திய இரண்டு கட்சிகளும் பெண்களைப் பாடவிடவில்லை. கட்டியவருக்கே இடம் இல்லை. அவர் மூன்றாவதாகப் பெண்கள் கட்சி ஒன்றை ஆரம்பித்தார். 1940 வாக்கில்தான் எல்லாம் ஒன்றானது, பெண்களும் இந்த வரிசைகளுக்கு வந்தார்கள். அதன் பிறகும் இங்கேயே இருந்து 1952-ல் காலமானார். தேவதாசி மரபில் வந்தவர். அன்றைக்குக் காலையில் நான் பார்த்த வரிசைகளில் பாதிக்குப் பாதி பெண்கள்.

இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அத்தை பையைத் துழாவினாள். அம்மன் சந்நிதியில் கொடுத்த மல்லிகைச் சரம், தலையில் வைக்காமல் தாமரை இலையில் சுற்றி வைத்திருந்தாள். அதில் ஒரு முழம் கிள்ளி, அங்கே நின்ற ஒருவரிடம் கொடுத்து, "இந்த அம்மாவுக்குச் சாத்திடுங்க" என்றாள். அவர் அதைச் சமாதிக்கு என்று நினைத்து அந்தப் பக்கம் திரும்பினார்.

"அங்க இல்லய்யா. அவருக்குத்தான் இத்தனை பேர் இருக்காங்களே. இந்த அம்மாவுக்கு."

வெளியே வந்தால் என் செருப்பு இருக்கிறது, அத்தையுடையது ஒன்றைக் காணோம். பந்தல் மூங்கில் வரைக்கும் தேடிப் பார்த்தோம். வெயில் ஏறிவிட்டது. இருந்த ஒன்றையும் அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தாள். வழியில் ஒரு கடையில் சூடாக அசோகா அல்வா வாங்கிக்கொண்டோம். திரும்பும் பஸ்ஸில் மறுபடி ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காவிரியிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். இந்த முறை ஐந்தும் வந்தது.